முந்தைய நாள் வெளிச்சம்

நாற்பத்து மூன்று. இருநூற்று நாற்பது இழைகளில் நாற்பத்து மூன்றாவதைக் கணினி இப்போது முடித்திருக்கிறது. ஓர் இழைக்கு அரை நிமிடம் என்பது கணக்கு, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒரு நிமிடமாகிறது, அதனால்தான் எழுந்துபோய் ரசப் பாத்திரத்தை மூடினேன், ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, திறந்து மறுபடி மூடினேன். எனக்கு வேண்டியது நூற்று எண்பத்தேழு. அதிலிருந்து நான்கு, நூற்றுத் தொண்ணூறு வரை, அவ்வளவுதான். அந்த நான்கையும் முதலில் ஓட்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும், முப்பது வருடமாக இதே வேலை பார்க்கிறவளுக்கு அந்த ஒரு வரி தெரியாதா, தெரியும், ஆனாலும் வரிசையாகவே வரட்டும் என்று விட்டுவிட்டேன். பயம் என்றால் பயம்தான், அதற்கு வேறு பெயர் எதற்கு. உள்ளறையில் அறவாழி தூங்குகிறார். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரத் தூக்கம், கல்யாணமான நாளிலிருந்து மாறாத ஒரே ஒழுங்கு அவரிடம் இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா. ஓய்வு பெறுகிறார். ஐம்பது நிமிடம் பேசப்போகிறார், தலைப்பு ‘பொட்டும் நானும்’, நாற்காலி முதுகில் தேய்த்த சட்டை தொங்குகிறது, அதைத் தேய்த்தவளும் நான்தான். அந்தப் பொட்டு உண்மையிலேயே வானத்தில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவளும் நான்தான். மின்விசிறி மூன்றில் வைத்தால் தாள் பறக்கிறது, இரண்டில் வைத்தால் வேர்க்கிறது. கோயம்புத்தூரில் இப்படி வெயில் அடிக்கும் என்று யார் நினைத்தார்கள்.

எங்கள் மகள் யாழினி நான்காம் வகுப்பில் ‘எங்க அப்பா ஒரு பொட்டு கண்டுபிடிச்சார்’ என்று சொல்லி, டீச்சர் சிரித்து, இவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, அன்று சாயங்காலம் அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். கட்டம் போட்ட நோட்டில் அந்த நட்சத்திரத் திரளை வரைந்தார், கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒன்றாகச் சுற்றுகிற ஒரு வட்டு, சாய்வாகப் பார்ப்பதால் முட்டை மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கண்ணாடி இழை என்று வைத்துக்கொள், அந்தக் கட்டத்து வெளிச்சத்தை மட்டும் அது பிடித்துக் கொண்டுவரும், கொண்டுவந்ததை நாங்கள் வானவில்லாக விரிப்போம், அதில் சிவப்புப் பக்கம் ஒரு கோடு எழும்பி நின்றால் அங்கே புது நட்சத்திரம் பிறக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் பிறந்த சூட்டில் அது சுற்றியிருக்கிற ஹைட்ரஜனை எரியவிடும். கோடு எவ்வளவு உயரமோ அந்தக் கட்டத்துக்கு அவ்வளவு சிவப்பு அடி. யாழினி அடித்தாள். உள்ளே நல்ல சிவப்பு, ஓரத்துக்கு வர வர வெளிறி, வட்டுக்கு வெளியே ஒன்றுமில்லாத வெள்ளைக் காகிதம், அந்த வெள்ளையில் தன்னந்தனியாக நான்கு கட்டம் சேர்ந்தாற்போலச் சிவப்பு. அதுதான் பொட்டு. ஒரு திரளுக்கு வெளியே, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிறது. இதை அவள் கேட்ட முகத்தை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். அதே முகத்தைத்தான் நான் முதல்முறை அந்த வரைபடம் அச்சுப்பொறியிலிருந்து வரிவரியாக இறங்கியபோது அவரிடம் பார்த்தேன், முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், காலை பதினொரு மணி, மலைமேல் இருந்த எங்கள் வானாய்வகத்தில் அன்று மின்சாரம் இருமுறை போய் வந்தது. அவர் காகிதத்தைக் கிழிக்கவில்லை. அது முழுதாக வெளியே வரும்வரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். ‘கோதை, இங்க பாரேன்’ என்றார். பூங்கோதை என்ற என் பெயரை அவர் பாதியாக்கியது அன்றுதான், அதுவரைக்கும் மிஸ் பூங்கோதை. திரையில் எழுபத்தெட்டு ஆகிவிட்டது. எண்பது.

புதன்கிழமைவரை ஒன்றுமில்லை. புதன்கிழமை மாணவர்கள் விழாக் கண்காட்சிக்காகப் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து எனக்கும் அனுப்பினார்கள், ‘மேடம், நாஸ்டால்ஜியாவுக்கு’ என்று குறிப்பு வேறு. மலையின் பராமரிப்புப் பதிவேடு. அங்கே கருவிகளைப் பராமரித்த லூர்துசாமியின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும், திருகாணி முடுக்குவது போலவே எழுதுவார். அவரை நினைத்ததும் எனக்கு அந்த மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டது, அவர் கொண்டுவரும் பலாக்கொட்டை அவியல், எப்போதும் சட்டைப் பையில் ஒரு பல்துலக்கும் பிரஷ், லென்ஸ் ஓரங்களைத் துடைக்க. சிரித்துக்கொண்டேதான் பக்கம் பக்கமாகப் போனேன். பதினைந்தாம் தேதி காலை என்று போட்டு எழுதியிருந்தார்: இழைக் கற்றையின் முகப்பில் ஒரு அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது, கீழ் மூலையில் நான்கு இழைகள் மேல் அதன் தூள், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், இப்போது சுத்தம். அவ்வளவுதான். இரண்டு வரி. நல்ல மனிதர், தன் வேலையைத் தவறாமல் செய்து தவறாமல் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த இரண்டு வரியை மூன்று தடவை படித்தேன். ஏனென்றால் பொட்டு எடுத்த இரவு பதினைந்தாம் தேதி. கீழ் மூலை நான்கு இழைகள் என்றால் நூற்று எண்பத்தேழிலிருந்து நூற்றுத் தொண்ணூறு. அந்தப் பதினைந்தாம் தேதிச் சாயங்காலம் நான் அந்தி எடுக்கவில்லை. இது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அந்தி எடுப்பது என்றால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. இருநூற்று நாற்பது இழையும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்று கொஞ்சம் மங்கல், ஒன்று பளிச். சூரியன் இறங்கிய கையோடு தொலைநோக்கியை வெறும் வானத்துக்குத் திருப்பி ஒரு படம் எடுப்போம், அந்தி வானம் யாருக்கும் கூட்டிக் குறைத்துக் கொடுக்காது, எல்லா இழைக்கும் ஒரே வெளிச்சம், அதை வைத்து எது மங்கல் எது பளிச் என்று குறித்துக்கொண்டு அன்றிரவு எடுப்பதையெல்லாம் சரிசெய்வோம். பன்னிரண்டு நிமிட நேரம்தான் கிடைக்கும். அதற்கு முன் வெளிச்சம் அதிகம், அதற்குப் பின் நட்சத்திரம் வந்துவிடும். தவறவிட்டால் முந்தைய நாள் அந்தியை எடுத்துப் போட்டுக்கொள்வது, எல்லோரும் செய்வதுதான், ஒரு நாளில் இழை என்ன மாறிவிடப்போகிறது. மாறாது. ஒரு பூச்சி உட்கார்ந்து, அதை ஒருவர் துடைத்துவிட்டால் ஒழிய. பதினாலாம் தேதி அந்தியில் அந்த நான்கும் தூள் படிந்து மங்கலாக இருந்திருக்கின்றன. பதினைந்தாம் தேதி இரவு அவை சுத்தம். நான் பாவம் மங்கல் இழைகள் என்று அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லா இழையிலிருந்தும் வான வெளிச்சத்தை ஒரே அளவு கழிப்போம், கூடக் கொடுத்ததில் நம் பூமியின் சொந்த வானமே கொஞ்சம் மிச்சம் நின்றிருக்கும், நம் காற்று இரவில் தானாக ஒளிரும் ஒரு கோடு, அது அந்தத் திரளின் ஹைட்ரஜன் கோடு வந்து விழும் இடத்திலேயே விழுகிறது. மற்ற வானக் கோடுகளும் அந்த நான்கில் மிச்சம் நின்றிருக்குமே, யாராவது பார்த்திருக்கலாமே என்றால், அந்த இடங்களை வெட்டிவிட்டுத்தான் நாங்கள் பார்ப்போம், வானக் கோடு என்றாலே குப்பை, யார் குப்பையைக் கிளறுவார்கள். இதெல்லாம் ‘இருக்கலாம்’. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லில்தான் தூங்கினேன். இன்று அதே குப்பையை எடுத்து வைத்திருக்கிறேன். அன்றிரவின் வானக் கோடுகள் எல்லா இழையிலும் ஒரே உயரம் இருந்தாக வேண்டும், அதை வைத்தே இழைகளைச் சரிசெய்தால் அந்தியே தேவையில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம். நூற்றுப் பத்து.

பன்னிரண்டு நிமிடம். அதை நான் எத்தனை தடவை திரும்ப வாழ்ந்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்ல வெட்கம். தொலைநோக்கிக் கோபுரத்தைச் சுற்றி வெளியே ஒரு நடைபாதை, இரும்புக் கம்பி வலை, கீழே பார்த்தால் தலை சுற்றும், மேற்கே மலை மலையாக நீலம். அந்த வாரம் அந்தி எடுப்பது என் முறை, கருவிக்குக் குளிர் திரவம் ஊற்றுவது அவர் முறை. ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று வெளியே வந்தேன், அவரும் வந்தார், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். காற்று அப்படி வீசியது, டீ மூடியிலிருந்து என் துப்பட்டாவுக்குப் போனது, அந்தக் கறை கடைசிவரை போகவில்லை, அந்தத் துப்பட்டாவை நான் இன்னும் தூக்கிப்போடவும் இல்லை. திடீரென்று சொன்னார், ‘எனக்கு ராத்திரில கண்ணு சரியாத் தெரியாது’ என்று. நான் விளையாட்டு என்று நினைத்தேன். மாலைக்கண். சின்ன வயதிலிருந்தே. வானவியல் படிக்க வந்தவனுக்கு இருட்டில் கண் தெரியாது என்றால் யார் வேலை கொடுப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை, கோபுரத்தின் படிகளை எண்ணித்தான் இறங்குகிறார், நாற்பத்தாறு படி, திருப்பத்தில் ஒன்பது, பால்வீதி என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது தானும் அண்ணாந்து பார்ப்பார், ‘ஆமா, அழகா இருக்கு’ என்பார், தெரிந்ததெல்லாம் கறுப்பு. ‘இழை பாக்கும், கருவி பாக்கும், நான் கோட்ட மட்டும் பாத்தாப் போதும்’ என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேற்கைப் பார்த்துக்கொண்டே, ‘நீ டார்ச்ச எடுத்துக்கிட்டு முன்னாடி எறங்குறப்ப மட்டும் நான் படி எண்ணுறதில்ல’ என்றார். அவ்வளவுதான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்றோ வேறொன்றோ அவர் கேட்கவில்லை. சொன்னதே ஏதோ தப்புச் செய்தவர் போல, திரவம் ஊற்றணும் என்று இறங்கிப் போய்விட்டார், இன்னும் வெளிச்சம் இருந்தது, அவருக்குப் படி தெரிகிற வெளிச்சம். நான் நின்றேன். சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு சாம்பலாகி, எனக்குக் கால் நகரவில்லை. ஒருவர் தன்னிடம் இருப்பதிலேயே மறைக்க வேண்டிய ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை வைத்துக்கொண்டு நான் என்ன பொத்தானை அமுக்குவேன். உள்ளே போனபோது திரையில் நட்சத்திரம் வந்துவிட்டது. கீழேயிருந்து இன்டர்காமில் அவர் குரல், ‘ட்விலைட் ஆச்சா?’ ஆச்சு என்றேன். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார், நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன் என்று சொல்ல வேண்டும், எனக்கு வயது இருபத்தாறு. ஆச்சு. முந்தைய நாள் படத்துக்குப் புதுத் தேதி போட்டு வைத்தேன். குறிப்பேட்டில் ஒரு டிக்.

போன் அடித்ததில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழினி, ரயிலிலிருந்து. ‘ம்மா, ஈரோடு தாண்டியாச்சு. அப்பா நாளைக்கு வேட்டியா பேன்ட்டா?’ ‘பேன்ட்டுதான். தேச்சு வச்சிருக்கேன்.’ ‘வேட்டி கட்டச் சொல்லும்மா, போட்டோவுக்கு நல்லா இருக்கும். எங்க ஆஸ்பத்திரியில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், லைவ் பாக்குறேன்னு பிசியோ டிபார்ட்மென்ட்டே சொல்லிருக்கு. பொட்டு சாரோட பொண்ணுன்னா சும்மாவா.’ நான் ம் என்றேன். ‘ஏன் ஒரு மாதிரி பேசுற?’ ‘வெயில்’ என்றேன். ‘அப்பா தூங்குறாரா? எழுப்பாத, பாவம்’ என்று வைத்துவிட்டாள். பொட்டு சார். அப்படித்தான் மாணவர்கள் கூப்பிடுகிறார்கள். அவர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை, அவருக்கே தெரியும், பரிசு கிரிசு கிடையாது, முப்பத்தைந்து வருடத்தில் எழுதிய கட்டுரைகளில் வெளிநாட்டில் நான்கு பேர் படித்தது அந்த ஒன்றைத்தான். நடுவில் ஒரு வெளிநாட்டுக் குழு, நாங்கள் வேறு தொலைநோக்கியில் பார்த்தோம், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியது. இவர் விடவில்லை. உங்கள் படம் போதுமான ஆழம் இல்லை, எங்கள் இழை பார்த்ததை உங்கள் படம் பார்க்காது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பதில் எழுதினார், அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒரே உற்சாகம், குளியலறையில் பாட்டு. நான் அந்தப் பதிலுக்குக் காற்புள்ளி அரைப்புள்ளி சரிபார்த்துக் கொடுத்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உறைத்தது. ஒரு கணம் உறைத்தது, முந்தைய நாள் அந்தி என்று, ஒரு நாளில் என்ன மாறிவிடும் என்று உடனே துடைத்துப் போட்டேன். அது பொய்யில்லை, ஒன்றும் மாறாது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் நினைத்தேன் என்பதற்கும் பார்த்தேன் என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம். நூற்று நாற்பத்தொன்பது.

மடிக்கணினியை மூடிவிடலாம். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், மூடிவிடலாம் என்று கை மூடிவரைக்கும் போனது. நாளை ஒரு நாள் கழியட்டும், சால்வை போடட்டும், வேட்டி கட்டட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரமானால் அவர் மேடையில் ஐம்பது நிமிடம் அதைப் பேசி முடித்திருப்பார், கணினியில் அவருடைய குரலோடு அது என்றைக்கும் கிடக்கும், அதற்குப் பிறகு சொல்வது அவரை உயரத்தில் உட்காரவைத்துக் கீழே தள்ளுவது. சொல்லவே வேண்டாம் என்றால்? பதிவேட்டை மாணவர்கள் கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள், அந்தப் பக்கத்தையே திறந்து வைத்தாலும் வைப்பார்கள், பூச்சி என்றால் வேடிக்கையாக இருக்கிறதே. ஆனால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டாலும் எனக்குத் தெரியும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் எனக்கு உண்மையான பயம், அதை இப்போதுதான் கண்டுபிடிக்கிறேன், பொட்டு போனால் போகட்டும் என்று ஒரு பாழும் மனசு சொல்கிறது, அந்தச் சாயங்காலம் போய்விடக்கூடாது. ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்டால் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால், இனிமேல் அவர் அந்த நடைபாதையை நினைக்கும்போதெல்லாம் அது தன் வேலை கெட்டுப்போன இடம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவில் இருக்கும் பொருள்களில் அதுதான் ஒன்றாம் நம்பர், வீடு, மகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. பேசவேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது. அவர் தேர்வு மோசமாகப் போன மாணவனைத் திட்டாமல் அனுப்பும்போது, நான் ஜுரத்தில் கிடக்கும்போது கஞ்சியில் உப்புப் பார்க்கும்போது, இன்றைக்கும் மின்சாரம் போனால் என் தோளில் கை வைத்துக்கொண்டு படி இறங்கும்போது, அந்தச் சாயங்காலம் நடுவில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நூற்று எழுபது. தண்ணீர் குடித்தேன், பானையின் மண் வாசனை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம். ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை, இன்றைக்கென்று சீக்கிரம் எழுந்துவிட்டார், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது, நாளைய பேச்சு. கலைந்த தலையோடு வந்து, ‘டீ போடவா?’ என்று அவரே கேட்டார். என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த முட்டை வடிவம் தெரியும், எங்கே இருந்தாலும் தெரியும்.

“என்ன, நம்ம பழைய டேட்டாவா? விழாவுக்குக் கலர் படம் போடுறியா?”

“உக்காருங்க” என்றேன். நூற்று எழுபத்தாறு. “பதினஞ்சாம் தேதி நான் ட்விலைட் எடுக்கல. எடுத்தாச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். முந்தின நாளோடத போட்டேன்.”

இதை இவ்வளவு குட்டியாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாளாக நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் முன்னுரைதான். அவர் உட்கார்ந்தார். முந்தின நாளோடது போட்டா என்ன, ஒன்னும் ஆகாதே என்றார், நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சொற்கள், அதே வேகம். நான் லூர்துசாமியின் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார், பனியனில் பை இல்லை, உள்ளே போய் எடுத்து வந்தார். இரண்டு வரியையும் வெகுநேரம் படித்தார். விரலை மேசையில் வைத்து நான்கு தடவை தட்டினார், நான்கு இழை, அவர் கணக்குப் போடுகிறார், என்னைவிட வேகமாகப் போடுவார், முடித்துவிட்டார் என்று அவர் தோளில் தெரிந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “வானக் கோட்ட வச்சுச் சரி பண்றியா?” “ஆமா.” “வெட்டுன எடத்தையும் சேத்தா?” “சேத்துதான்.” “சரியாத்தான் பண்ணியிருக்க” என்றார். நூற்று எண்பத்து மூன்று, நான்கு, ஐந்து. கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது, தொடவில்லை.

நூற்று எண்பத்தேழில் கோடு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் சும்மா நடுங்குகிற வெறும் தரை. எண்பத்தெட்டில் இல்லை. எண்பத்தொன்பதில் ஒரு சின்ன மேடு வந்தது, அவர் முன்னால் குனிந்தார், நானும் குனிந்தேன், அளவைப் பார்த்தால் அதுவும் நடுக்கம்தான், மேடு இல்லை. நூற்றுத் தொண்ணூறு. இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வராததால் அடக்கிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அந்த வெள்ளக்காரன் சொன்னது சரிதான். அவனுக்கு ஒரு மெயில் போடணும்” என்றார். “நாளைக்குப் பேச்ச மாத்தணும். இதத்தான் பேசணும். பசங்களுக்கும் தெரியட்டும், எப்படித் தப்பாகும்னு.”

“என்னால” என்றேன்.

“இருக்கட்டும். ஏன் எடுக்கல அன்னிக்கு? நீ எதையும் விடுற ஆளில்லையே.”

வந்துவிட்டது. நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன், “நடைபாதையில நின்னோமே. டீ கொண்டுவந்தீங்க. அதான்.”

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே தேடினார், தேடுவதை நான் பார்த்தேன். “எந்த நடைபாதை?”

“கோபுரத்துல. மேற்கால. உங்களுக்கு ராத்திரில கண்ணு தெரியாதுன்னு மொதமொதல்ல சொன்னீங்களே.”

“அது கல்யாணத்துக்கு அப்புறம்ல சொன்னேன்? உங்க மாமா வீட்டு மாடியில, கரண்ட் போனப்ப. நீ பயந்துட்டே.”

மாமா வீட்டு மாடியும் உண்மைதான், கரண்ட் போனதும் உண்மைதான், நான் ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குப் பயந்தது போல நடித்ததும் உண்மைதான், ஏனென்றால் மற்றவர்கள் இருந்தார்கள். அவருக்கு அது மட்டும் நின்றிருக்கிறது. பொதுவில் ஒன்றாம் நம்பர் என்று நான் வைத்திருந்த பொருள் இத்தனை வருடமும் என் ஒருத்தி கையில் மட்டும் இருந்திருக்கிறது. அவரிடம் கோபப்படலாமா என்று பார்த்தேன், கோபம் வரவில்லை, அவர் பொட்டை இழந்து பத்து நிமிடம்தான் ஆகிறது. “என்னதான் சொன்னேன் நான்?” என்று கேட்டார். சொன்னேன். காற்று, டீ, நாற்பத்தாறு படி, திருப்பத்தில் ஒன்பது, கறுப்பாகத் தெரிந்த பால்வீதி, நான் டார்ச்சோடு முன்னால் இறங்கும்போது மட்டும் அவர் எண்ணாதது, எல்லாம். யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல அவர் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் பேசியிருக்கேன் போல” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கிவைத்த அழுகையும் கூடவே வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தார். அங்கிருந்தே, முதுகைக் காட்டிக்கொண்டு, “நாளைக்குக் கேப்பாங்க. ட்விலைட் ஏன் தவறிச்சுன்னு யாராவது கேக்காம இருக்க மாட்டாங்க. என்ன சொல்லட்டும், மேகம்னு சொல்லிரவா?” என்றார்.

“பொய் வேணாம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தோம்னு சொல்லுங்க.”

“எனக்கு ஞாபகமே இல்லையே, கோதை.”

“எனக்கு இருக்கு” என்றேன்.